கல்பனா வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

கல்பனா ஒரு கேம் வாங்குவதற்கு முன்னால் முதலில் பார்ப்பது, அதை நடுவில் நிறுத்த முடியுமா என்பதைத்தான். படம் எப்படி, கதை எப்படி, வாங்கினவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். கூடத்திலிருந்து "கல்பனா" என்று மாமியார் குரல் வந்தால், ஒரு பொத்தானை அமுக்கி, திரையில் ஓடுகிற குதிரையை ஓடுகிற காலோடு நிற்க வைத்துவிட்டு எழுந்து போக முடிய வேண்டும். பாலைக் காய்ச்சி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும்போது குதிரை அதே காலைத் தூக்கியபடி காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்காத ஆட்டம் எதையும் மூன்று வருடமாக அவள் வாங்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருடம்.

பிறந்த வீடு காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை. அப்பா எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். ஏனாத்தூரில் எம்.சி.ஏ. படிக்கும்போது கல்பனாவும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். ஐந்து பேரும் ஐந்து பேரும் மோதுகிற துப்பாக்கி ஆட்டம். கல்லூரி விழாவில் பையன்களின் டீம்களை வரிசையாகத் தோற்கடித்து இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள். படித்து முடித்ததும் சென்னையில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதச் சம்பளத்தில் பாகம் பாகமாக வாங்கி, அப்பாவின் கடை மேஜைமேல் வைத்துத் தானே பூட்டிய கம்ப்யூட்டர்தான் கல்யாணத்தின்போது பீரோ, கட்டில், மிக்ஸியோடு சேர்ந்து உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துக்கு வேனில் வந்து இறங்கியது.

கறுப்பு கேபினட்டைப் பார்த்து மாமியார் ராணியம்மாள் கேட்டாள்: "இன்னாம்மா இது, சின்ன பிரிட்ஜா?"

மாமனார் சுப்பிரமணிதான் விளக்கம் சொன்னார். "கம்ப்யூட்டரு. இருக்கட்டும், பட்டா சிட்டா எடுக்க இனிமே பஜாருக்குப் போவ வேணாம்."

ஏரிப் பாசனத்தில் எட்டு ஏக்கர் நிலம் அவருக்கு. கூச்சல் போடுகிற மனிதர் இல்லை. அதட்டிப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அவர் சொல்வதெல்லாம் யாரும் மறுக்க முடியாத மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வேலைக்குப் போகலாம் என்று பேச்சு. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனியும் சொல்லியிருந்தது. ஏழு மாதம் கழித்து கம்பெனி வாரத்தில் மூன்று நாள் நேரில் வரச் சொன்னது. அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சுப்பிரமணி, "நம்ம வூட்டுப் பொண்ணு காலைல நாலு மணிக்கு எழுந்து பஸ் புடிக்கணும்னு இன்னா தலையெழுத்தா? வேணாம்மா, ஒடம்பு கெட்டுடும்" என்றார். கரிசனமாகத்தான் சொன்னார். வேலையை விடுகிறேன் என்ற கடிதத்தைக் கல்பனா அந்தக் கம்ப்யூட்டரில்தான் அடித்தாள்.

கணவன் அரவிந்தன் ஓரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் காலை ஐந்தேகாலுக்கு வரும். திரும்பி வர சாயங்காலம் ஏழு. நல்லவன். கல்பனா எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லமாட்டான். "பாக்கலாம்" என்பான்.

ஆக அவளுக்கென்று இருந்தது மதியம் இரண்டிலிருந்து மூன்றே முக்கால் வரை. ராணியம்மாள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பாள். சுப்பிரமணி பைக்கை எடுத்துக்கொண்டு நெல் கொள்முதல் நிலையத்துக்கோ பஜாருக்கோ போவார். கல்பனா அறைக் கதவைச் சாத்தி, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வாள். மறு காது வீட்டுக்கு. பாய் சரசரத்தால் அத்தை புரண்டு படுக்கிறாள், வளையல் சத்தம் கேட்டால் எழுந்துவிட்டாள். மாமாவின் பைக் தெருமுனைத் திருப்பத்தில் ஒரு தடவை தும்மும். அதிலிருந்து வாசலுக்கு வர இருபது எண்ணலாம்.

இந்த வீட்டுக்கென்று அவள் சேர்த்த கேம்கள் பதினான்கு. எல்லாம் தள்ளுபடியில் வாங்கியவை, எல்லாம் தனியாக ஆடுகிறவை. பனிமலையில் ஏறலாம், லாரி ஓட்டலாம், குதிரையில் ஏறி ஆளில்லாத காட்டைக் கடந்து போகலாம். ஆனால் கம்ப்யூட்டரில் படத்தைத் திரைக்கு வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டு பழசு. இரண்டே ஜிபி. காடு என்றால் மரங்கள் எல்லாம் பச்சைக் களிமண் உருண்டையாகத் தெரியும். அறுவடை சமயத்தில் காற்றில் வருகிற நெல் சுணை கார்டின் காற்றாடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும், கார்டு மாவு மில் மாதிரி இரையும். மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்துப் பூட்டுவாள்.

ஆவணி மாதம் ஒருநாள் சோபியா போன் செய்தாள். பழைய டீமின் தலைவி அவள்தான். உத்திரமேரூரை ஒட்டிய காலனியில் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண். இப்போது சென்னையில் வேலை, வேளச்சேரியில் தனி வீடு, சொந்த ஸ்கூட்டி. கல்யாணத்துக்கு வந்திருந்தபோது சுப்பிரமணி அவளிடம் மிகவும் மரியாதையாக, "உங்க வூடு எந்தத் தெருவும்மா?" என்று கேட்டிருந்தார். அதற்கப்புறம் சோபியா அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஊருக்கு வந்தால் கல்பனாவோடு போனில் பேசிவிட்டுப் போய்விடுவாள்.

"பொண்ணுங்க டோர்னமெண்ட் ஒண்ணு வருதுடி. ஆன்லைன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் மூணு மணிக்கு மேட்ச்சு. நாலு பேரு ரெடி. நீதான் பாக்கி."

"என்னால முடியாதுடி."

"இன்னா முடியாது?"

"அது நிறுத்த முடியாத ஆட்டம் சோபி. நாப்பது நிமிஷம் எழுந்திருக்கக் கூடாது. இந்த வூட்ல நான் நாப்பது நிமிஷம் சேந்தாப்ல எங்கயும் உக்காந்ததே இல்ல."

சோபியா விடவில்லை. "ஒன் எடத்துக்கு நாங்க வேற ஆளத் தேடவே இல்லடி" என்றாள்.

கல்பனாவின் இடம் என்பது காவல். மற்ற நான்கு பேரும் ஒரு பக்கம் போக, அவள் மட்டும் பின்னால் ஒரு கிடங்கு வாசலில் தனியாக நிற்பாள். எதிரியின் காலடிச் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம், எத்தனை பேர், ஓடுகிறார்களா பதுங்கி வருகிறார்களா என்று சொல்லிவிடுவாள். கல்லூரியில் அவளுக்குப் பாம்புக் காது என்று பெயர்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரவிந்தனிடம் சொன்னாள். பழைய கார்டில் அந்த ஆட்டம் இப்போது ஓடாது, புதுக் கார்டு வேண்டும், பழைய வேலையின் பி.எஃப். பணம் தன்னிடம் இருக்கிறது என்றாள்.

"பாக்கலாம்" என்றான்.

"பாக்கலாம் இல்ல. வாங்கப் போறேன்."

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி வாங்கு. நைனாவுக்குத் தெரிய வேணாம்."

பத்து நாள் கல்பனா கார்டு தேடினாள். காய் நறுக்கும்போது, துணி காயப்போடும்போது போனில் அதே வேலை. இணையத்தில் கார்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு வேகம் மட்டும் போதாது. மூன்று காற்றாடி வைத்த கார்டு வேண்டாம், அவள் கேபினட்டில் நீளம் பிடிக்காது. கலர் கலராக விளக்கு எரிகிற கார்டு வேண்டாம், மதியத்தில் ஜன்னலைச் சாத்தினால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். இரைச்சல் போடக் கூடாது. கரண்ட் நிறைய இழுக்கக் கூடாது. மோட்டார் செட்டுகள் ஓடுகிற நேரத்தில் வீட்டில் வோல்டேஜ் இறங்கும், யூபிஎஸ் பீப் பீப் என்று அடிக்க ஆரம்பித்தால் அத்தை எழுந்துவிடுவாள். கடைசியில் மிஞ்சியது இரண்டே மாடல். ஆறு ஜிபியில் ஒன்று, எட்டு ஜிபியில் ஒன்று. எட்டு ஜிபி என்று முடிவு செய்தபோது, இந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்தது தானா இந்த வீடா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

ஆர்டர் போட்டால் டெலிவரி ஆள் வாசலில் வந்து நிற்பான். அதனால் அம்மாவுக்குக் கால்வலி என்று சொல்லி இரண்டு நாள் ஓரிக்கைக்குப் போனாள். அங்கிருந்து காலை ரயிலில் சென்னை. பார்க் ஸ்டேஷனில் இறங்கியபோது சோபியா ஸ்கூட்டியோடு நின்றாள். கல்பனா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நெருக்கி நிற்கிற ரிச்சி தெருவுக்குப் போனார்கள். வழியில் ஒரு சிக்னலில் கல்பனா காரணமில்லாமல் சிரித்தாள்.

கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, "தம்பிக்காம்மா? பையனுக்கா?" என்றார்.

"எனக்கு."

அவர் உடனே விளக்கு எரிகிற கார்டு ஒன்றைக் காட்டினார். லேடீஸ் எல்லாம் இதைத்தான் விரும்புகிறார்கள் என்றார். அது வேண்டாம் என்றதும் பெட்டியில்லாத ஒன்றை எடுத்து, பாதி விலைக்குத் தருகிறேன், ஒரே ஒரு வருடம்தான் ஓடியது என்றார். கல்பனா அதைத் திருப்பிப் பார்த்தாள். திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தது. காற்றாடியை விரலால் அசைத்தாள், அச்சு ஆடியது. "இது ராப்பகலா கிரிப்டோ காசு தோண்டுன கார்டுண்ணா. கழட்டிக் கழுவி வச்சிருக்கீங்க" என்றாள். கடைக்காரர் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அதற்கப்புறம் வேறு மாதிரி பேசினார். சீல் உடைக்காத எட்டு ஜிபி கார்டைக் கொண்டுவந்து, அவள் கேட்டபடி கடை மெஷினில் பூட்டி, அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினார். கிளம்பும்போது, "எந்த ஊரும்மா?" என்றார். "காஞ்சிபுரம் பக்கம்" என்றாள். உத்திரமேரூர் என்று ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

பெட்டியை அம்மா வீட்டுப் பரண்மேல் போட்டாள். கார்டை மட்டும் அதன் பையோடு துண்டில் சுற்றி, முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். மறுநாள் மதியம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கேபினட்டைத் திறந்து பழைய கார்டைக் கழற்றினாள். கார்டு உட்காருகிற இடத்தில் ஒரு நெல் மணி கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, புதுக் கார்டை அழுத்தினாள். 'டிக்' என்று பூட்டிக்கொண்டது. குதிரையைக் கிளப்பிக் காட்டுக்குள் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு இலையும் தனித்தனியாக அசைந்தது. காற்றாடி சுற்றுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு அமைதி. கல்பனா குதிரையை நகர்த்தாமல் ஒரே மரத்தைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் வார நாட்களில் பயிற்சி. சோபியாவும் மற்றவர்களும் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டு அவளுக்காக இரண்டரைக்கு வந்தார்கள். இருபது நிமிட ஆட்டங்கள். ஒரு காதோடுதான் ஆடினாள். பாதி காலடிகளைத் தவற விட்டாள். "ஏன்டி, இடது பக்கம் வர்றது ஒனக்குக் கேக்கவே இல்லியா?" என்று சோபியா ஒருநாள் கேட்டாள். இடது காது வீட்டுக்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

முதல் மேட்ச் புரட்டாசி மாதத்து ஞாயிறு. அரவிந்தனுக்கு அன்று ஓவர்டைம். சாப்பாடு முடிந்து, பாத்திரம் துலக்கி, "தல வலிக்குது அத்த, கொஞ்சம் படுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை இரண்டு காதிலும் இறக்கினாள். வீடு நின்றுபோனது.

எத்தனை வருடமாயிற்று! கிடங்கு வாசலில் நின்றாள். தூரத்தில் தகர ஓட்டின்மேல் ஒரு காலடி. "ரெண்டு பேரு, வலது பக்கம், மெதுவா வராங்க" என்றாள். சொன்ன இடத்தில் வந்தார்கள். வீழ்த்தினாள். "அய்யோ பாம்புக் காது வந்துட்டாடி!" என்று சோபியா கத்தினாள். எட்டாவது ரவுண்டில் கல்பனா தற்செயலாகக் கண்ணை உயர்த்தியபோது, கதவில் ஆணியில் தொங்கிய மாதக் காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. கதவை யாரோ தட்டுகிறார்கள். சத்தம் கேட்கவில்லை. காலண்டர் மட்டும் இடமும் வலமுமாக ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது.

எழுந்திருக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள். முதலில் பதிமூன்று ரவுண்டு எடுக்கிற டீமுக்கு வெற்றி; பதிமூன்றுக்கு ஒன்பது என்று ஜெயித்தார்கள். நான்கு பேரும் காதுக்குள் கூச்சலிட்டார்கள். கல்பனா ஹெட்போனைக் கழற்றினாள். வீட்டில் சத்தமே இல்லை.

கூடத்தில் டீபாய்மேல் ஒரு தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. சுப்பிரமணியின் அக்கா மதுராந்தகத்திலிருந்து பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கக் குடும்பத்தோடு வந்திருக்கிறாள். வீட்டு மருமகள் வந்து தட்டை வாங்க வேண்டும் என்று காத்திருக்கிறாள். கதவைத் தட்டியிருக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் ராணியம்மாளே வாங்கிக்கொண்டாள். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ராணியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுப்பிரமணி கேட்டார்: "கதவ தாப்பா போட்டுக்கினு இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "மேட்ச் ஆடிக்கினு இருந்தேன் மாமா" என்றாள்.

"இன்னா மேட்ச்சு?"

"கம்ப்யூட்டர்ல. கேமு. எங்க காலேஜ் டீமு."

அவர் தலையை ஆட்டினார். "ஒடம்பு சரியில்லியோன்னு பயந்துட்டோம்" என்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

அரவிந்தன் ஏழரைக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தான். "ஒரு பத்து நிமிஷம் எழுந்து வந்திருக்கலாமில்ல?"

"எழுந்து வந்தா தோத்துடுவோம்."

"தோத்தா இன்னா?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதைத்தான் கல்பனாவால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்ததும் தச்சர் சின்னராசு வந்தார். அறைக் கதவைத் திறந்து வைத்து, உள் தாழ்ப்பாளின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இன்னாண்ணா, ரிப்பேரா?" என்றாள் கல்பனா.

"அண்ணன்தாம்மா எடுத்துடச் சொன்னாரு. உள்ள யாருக்காவது மயக்கம் கியக்கம் வந்தா தொறக்க முடியாதாமே." அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். திருகாணி ஓட்டைகளில் மக்குப் பசை வைத்துத் தேய்த்துச் சமமாக்கினார். நல்ல வேலைக்காரர். இரண்டு நாளில் தாழ்ப்பாள் இருந்த தடமே தெரியவில்லை.

அதே வாரம் கம்ப்யூட்டரும் கூடத்துக்கு வந்தது. "ரூம்புல காத்தே இல்ல, சூடாயிடும். இங்க வச்சா எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்" என்றார் சுப்பிரமணி. அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். விளையாடாதே என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. இதை அவள் போனில் சோபியாவிடம் சொன்னபோது, "அப்போ ஆடு" என்றாள் சோபியா. சரிதான். ஆடலாமே.

இரண்டாவது மேட்ச் அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு. கூடத்தில் டிவி ஓடியது. சுப்பிரமணி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்பனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு காதிலும் மாட்டினாள். முதுகில் யாரோ பார்ப்பது மாதிரி இருந்தது. ஒரு காதை எடுத்துவிட்டாள். எதிர் டீம் பன்னிரண்டு, இவர்கள் பதினொன்று என்று எப்படியோ தாக்குப்பிடித்தார்கள்.

"கல்பனா, ஒன் வாசல்ல ஆள் வருது, பாரு!" என்றது ஒரு காது.

"கல்பனா, கொஞ்சம் மோர் கொண்டாம்மா" என்றது மறு காது.

யோசித்துப் பார்த்தால், ஒரு நிமிஷம் மாமா என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அவள் மனம் முடிவு செய்வதற்கு முன்னால் கால்கள் எழுந்துவிட்டன. மோரில் உப்புப் போட்டுக் கலக்கும்போதுதான் எழுந்து வந்துவிட்டோம் என்பது உறைத்தது. திரும்பிப் போனபோது கிடங்கு வாசலில் அவள் உருவம் விழுந்து கிடந்தது. பதிமூன்றுக்குப் பதினொன்று. தோற்றுவிட்டார்கள்.

"பரவால்லடி" என்றாள் சோபியா. இரண்டு நாள் கழித்து, வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள். இன்னொரு தோல்வி வந்தால் வெளியே போக வேண்டியதுதான், கோயம்புத்தூர் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். "சேத்துக்கோ சோபி" என்று கல்பனாவே முந்திக்கொண்டாள். அந்த டீம் கடைசியில் நான்காவது இடம் வாங்கியது. வாட்ஸப்பில் படம் வந்தது. கல்பனா கைதட்டுகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவளை வாட்டியது மாமனார் அல்ல. தாழ்ப்பாள்கூட அல்ல. யாரும் பிடித்துத் தள்ளாமல் தானாக எழுந்த அந்தக் கால்கள்தான். ஒரு வாரம் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அரவிந்தனிடம் ஓரகடத்தில் வாடகைக்கு வீடு பார்க்கலாமா என்று கேட்டாள். "நைனாவும் அம்மாவும் தனியா இருப்பாங்களே" என்றான். அப்புறம், "பாக்கலாம்" என்றான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பொழுது போகாமல் ஒரு மதியம் பழையபடி குதிரையைக் கிளப்பினாள். ராணியம்மாள் பாயில் படுத்திருந்தாள். இரண்டு நாள் கண்ணை மூடிக் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் குதிர ஒண்ணியும் தின்னாதா?"

"தின்னும் அத்த. புல்லு கீற எடத்துல நிறுத்தினா மேயும்."

"அப்பன்னா நிறுத்து. மூணு நாளா ஓடிக்கினே கீது."

கல்பனா நிறுத்தினாள். குதிரை மேய்வதை இரண்டு பேரும் பார்த்தார்கள். ராணியம்மாள், "அந்த மேட்டுக்கு அந்தாண்ட இன்னா கீது?" என்றாள். கல்பனாவுக்கும் தெரியாது. போய்ப் பார்த்தார்கள். அதற்கப்புறம் தினமும் இரண்டு மணிக்கு ராணியம்மாள் படுக்காமல் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் போ, அந்தப் பாலத்தைத் தாண்டு, அந்த வீட்டுக்காரன் கெட்டவன் மாதிரி இருக்கிறான், அங்கே போகாதே. ஒருநாள் காடு முடிந்து கடல் வந்தது. கார்டு தன் முழு பலத்தையும் காட்டியது. அலை மடங்கி, நுரை விரிந்து, ஈர மணலில் வானம் தெரிந்தது.

"நான் கடல ரெண்டு தாட்டிதான் பாத்துக்கீறேன்" என்றாள் ராணியம்மாள். "எங்க மாமனாரு சாம்பல் கரைக்கப் போனப்ப ஒரு தாட்டி, மாமியாரு சாம்பலுக்கு ஒரு தாட்டி. ரெண்டு தாட்டியும் பொம்பளைங்க வேன விட்டு எறங்க வேணாம்னுட்டாங்க."

அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. வேன் என்ன நிறம் என்று சொல்வது மாதிரி சொன்னாள். கல்பனாவுக்குப் பாவம் என்று தோன்றவில்லை. பயமாக இருந்தது. முப்பது வருடம் கழித்து இதே சுவரில் சாய்ந்து, இப்படி நிறம் மாறாத குரலில் யாரிடமாவது எதையாவது சொல்லிக்கொண்டிருக்கப் போவது யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்த நேரத்தில் போடுகிற வழக்கமில்லை. செங்கல்பட்டில் ஒரு கம்பெனி டெஸ்டிங் ஆள் கேட்டிருந்தது. உத்திரமேரூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். படித்தது, பார்த்த வேலை, வேலையை விட்ட தேதி என்று ஒவ்வொன்றாக அடித்தாள். வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்தில் நெடுநேரம் நின்றாள். கடைசியில் 'குடும்பச் சூழ்நிலை' என்று ஆங்கிலத்தில் போட்டாள்.

ராணியம்மாள் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள். "இன்னாது, குதிரயக் காணோம்? இது புது கேமா?"

"இது கேமு இல்ல அத்த."

ராணியம்மாள் அவள் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஒரு கைப்பிடிக் கீரையை ஆய்ந்து முறத்தில் போட்டாள்.

"ஒங்க மாமா ஒரு மணிக்குத்தான் வருவாரு" என்றாள்.

கல்பனா எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை.